திக்கு நின்ற பிறகு வேலை தேடலாம் என்று காத்திருக்கும் தம்பிக்கு

கேள்வி: எனக்கு 25 வயது. சிறு வயதிலிருந்தே திக்குவாய். சிவில் டிப்ளமோ முடித்து மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு நேர்முகத் தேர்வுகளில் என் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் வெளியே வந்துவிட்டேன். இப்போது எதற்கும் விண்ணப்பிப்பதில்லை. முதலில் திக்கைச் சரிசெய்துவிட்டு அப்புறம் வேலை தேடலாம் என்று இருக்கிறேன். நாலு வயதில் நாய் துரத்திப் பயந்ததால்தான் இது வந்தது என்று அம்மா இன்னமும் அழுகிறார். இந்தச் சவாலைத் தாண்டி வளர்ந்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, உங்கள் கேள்வியில் ஒரு வரியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'முதலில் திக்கைச் சரிசெய்துவிட்டு அப்புறம் வேலை.' இதே வரியை நான் 17 வயதிலிருந்து 31 வயது வரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை என்ற இடத்தில் மட்டும் அவ்வப்போது வேறு வேறு வந்து உட்கார்ந்தது: கல்லூரி விடுதி, நண்பர்கள், கல்யாணம். இப்போது எனக்கு 52 வயது. ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நாள் முழுக்கக் கவுண்டரில் ஆட்களோடு பேசுகிற வேலை. இன்றும் திக்குகிறது. பதினைந்து வருஷமாகத் திக்குவாய்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பேசும் ஒரு சின்னக் குழுவிலும் இருக்கிறேன். மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தவன், அவ்வளவுதான். நீங்கள் போட்டிருக்கும் வரிசை தலைகீழ் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். திருச்சியில் எங்கள் வீடு பாலக்கரையில். ஜங்ஷன் பக்கமிருந்து டவுன் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் 'பாலக்கரை' என்று சொல்ல வேண்டும். எனக்கு 'ப' வராது. உதடு இரண்டும் பூட்டிக்கொள்ளும், மூச்சு நெஞ்சிலேயே நிற்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். 'ச' கொஞ்சம் சுலபம். அதனால் 'சத்திரம்' என்று சொல்லி டிக்கெட் வாங்கிவிடுவேன். சத்திரம் பேருந்து நிலையம் பாலக்கரையைத் தாண்டிப் போகிற இடம், காசு கூட. கூடப் போனால் போகிறது, வாய் தப்பித்ததே என்று இருப்பேன். ஒருநாள் கண்டக்டர் கவனித்துவிட்டார். "தம்பி, சத்திரத்துக்குக் காசு குடுத்துட்டு ஏன் இங்கயே எறங்குற?" என்று கேட்டார். சும்மா சிரித்துவிட்டு இறங்கினேன். அதற்கப்புறம் அந்தக் கண்டக்டர் முகம் தெரிந்தால் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இப்படி 'சத்திரம்' சொல்லிப் போய்வந்த இரண்டு வருஷமும் அந்தப் பஸ்ஸில் நான் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால் 'நல்லாப் பேசுற பையன்' என்றுதான் சொல்லியிருப்பார்.

ஹோட்டலில் பொங்கல் சாப்பிட ஆசையாக இருக்கும், இட்லி சொல்லிவிட்டு வருவேன். பெயர் கேட்டால்தான் மாட்டிக்கொள்வேன், பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாதே. நீங்கள் நேர்முகத் தேர்வில் சரியாகப் பெயரிடம் நின்றதில் ஆச்சரியமே இல்லை, எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் முதல் எதிரி. பெயருக்கு முன்னால் 'வந்து' என்று ஒரு சொல்லைப் போட்டு ஓடி வந்து தாண்டப் பார்ப்போம். 'என் பெயர் வந்து... வந்து... வந்து...' என்று கடைசியில் அந்த 'வந்து'வும் திக்க ஆரம்பிக்கும்.

சரி, அம்மாவுடைய நாய்க்கு வருவோம். இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

திக்கு பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில் தொடங்குகிறது. குழந்தை தனித்தனிச் சொல்லிலிருந்து நீள வாக்கியத்துக்கு மாறுகிற பருவம் அது. நூறு குழந்தைகளில் ஐந்து பேராவது கொஞ்ச காலம் திக்குவார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே போய்விடும். பெரியவர்களில் ஏறக்குறைய 1 சதவீதம் பேருக்கு நிலைத்துவிடுகிறது, அதிலும் ஆண்கள்தான் பல மடங்கு அதிகம். அந்த வயதில் நாய் துரத்தாத, மாடியில் விழாத, அப்பாவிடம் அடி வாங்காத குழந்தை எந்தத் தெருவில் இருக்கிறது? திக்கு தெரிய வந்த வாரத்தில் நடந்தது எதுவோ அதன் தலையில் பழி விழுந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அது ஒரு தீபாவளி அணுகுண்டு.

உண்மையில் இது பரம்பரையோடு சேர்ந்தது. அமெரிக்காவில் டென்னிஸ் ட்ரேனா என்பவரின் குழு, திக்குவாய் அதிகமாக உள்ள பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்து, இதனோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை 2010இல் வெளியிட்டது. எல்லாருக்கும் அதே மரபணு என்று இல்லை, ஆனால் திக்கு குடும்பத்தில் ஓடும் என்பதில் சந்தேகம் கிடையாது. உங்கள் இரு வழிச் சொந்தத்திலும் கேட்டுப் பாருங்கள், அதிகம் பேசாத ஒரு பெரியப்பாவோ தாய்மாமாவோ இருப்பார். பேசுவதற்கு நாக்கு, உதடு, குரல்வளை, மூச்சு நான்கும் ஒரே தாளத்தில் வர வேண்டும். அந்தத் தாளத்தைக் கட்டிக்கொடுக்கும் மூளை இணைப்புகள் திக்குபவர்களுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி இருப்பது ஸ்கேன்களில் தெரிந்திருக்கிறது. தாளம் வெளியிலிருந்து கிடைத்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் காணாமல் போகும். நீங்களும் பார்த்திருப்பீர்கள், பாடும்போது திக்காது. பள்ளியில் எல்லாரோடும் சேர்ந்து தமிழ்த்தாய் வாழ்த்து சொன்னபோது திக்கியதே இல்லை.

இன்னொன்று. தனியாக இருக்கும்போதும் திக்காது. எங்களுக்கு எப்போதும் தெரிந்த விஷயம்தான், 2021இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை என்று நம்பித் தனக்குத்தானே பேசியபோது திக்குபவர்களின் பேச்சில் திக்கு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. விதை உடம்பில் இருக்கிறது, ஆனால் எதிரே ஒரு ஆள் இருந்தால்தான் முளைக்கிறது. என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்ற அந்த ஒரு நொடிக் கணக்கு.

ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், அவரும் திக்குபவர், திக்குவாயைப் பனிப்பாறை என்றார். காதில் விழும் திக்கு மேலே தெரியும் நுனி. வெட்கம், பயம், ஒளிப்பது எல்லாம் தண்ணீருக்குள் இருக்கும் பெரும்பாகம். பனிப்பாறையை நம்மில் யார் பார்த்தோம்? எனக்குக் கோரைக்கிழங்குதான் ஞாபகம் வரும். மேலே இருக்கிற புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருப்போம், அடுத்த வாரம் அதே இடத்தில் முளைத்திருக்கும். ஒவ்வொரு முறை 'சத்திரம்' என்று சொல்லித் தப்பிக்கும்போதும், 'ப' என்பது செத்தாலும் சொல்லக் கூடாத ஒரு பயங்கரம் என்று என் உடம்புக்கு நானே பாடம் நடத்தினேன். அடுத்த முறை உதடு இன்னும் இறுகியது. இதனால்தான் வரிசை தலைகீழ் என்கிறேன். திக்கு குறையும் வரை ஆட்களை விட்டு விலகி இருந்தால், திக்கை வளர்க்கும் அதே உரத்தைத்தான் போடுகிறீர்கள்.

வைத்தியம் என்ற பெயரில் நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள், வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு படிக்கச் சொன்னார்கள். கூழாங்கல் யோசனை கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் காலத்தது. நாமாவது பரவாயில்லை, 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற பெரிய அறுவை மருத்துவர் திக்குபவர்களின் நாக்கின் அடிப்பாகத்தையே வெட்டிப் பார்த்தார். நாக்கில் கோளாறே இல்லை, பிறகு வெட்டி என்ன பயன்? திக்கை நீக்கும் மாத்திரையும் இன்றுவரை இல்லை.

நானே ஏமாந்தது ஒரு பத்து நாள் முகாமில். எழுத்து எழுத்தாக இழுத்து, 'வ-ண-க்-க-ம்' என்று ஒரே சீராகப் பேசப் பழக்கினார்கள். பத்தாம் நாள் மேடையில் நான் ஒரு தடவைகூடத் திக்காமல் பேசினேன். அம்மா அழுதார். அது பொய் இல்லை, சீரான தாளத்தில் பேசினால் பெரும்பாலும் திக்காது என்று மேலேயே சொன்னேன். ஆனால் அந்த மாதிரி இழுத்துக்கொண்டு மளிகைக் கடையில் பேச முடியுமா? ஊர் திரும்பி இரண்டு வாரத்தில் பழைய நிலை. இந்தத் தடவை 'பத்தாயிரம் கட்டியும் சரியாகவில்லை' என்ற அவமானமும் சேர்ந்துகொண்டது. இத்தனை நாளில் உத்தரவாதம் என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள்.

முறையான ஸ்பீச் தெரபிஸ்ட் வேறு. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்தில் பேச்சுப் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள். போனதும் 'திக்கை எடுத்துவிடுவீர்களா' என்று கேட்காமல், 'திக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுப்பீர்களா' என்று கேளுங்கள்.

அந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், சார்லஸ் வான் ரைப்பர். 1905இல் பிறந்த அமெரிக்கர், இளமையில் கடுமையாகத் திக்கியவர். திக்காமல் பேச முயன்று முயன்று தோற்றவர், சுலபமாகத் திக்குவது எப்படி என்று தேடப் போனார். எனக்கு உதவியது அவருடைய முறைதான், அதில் முதல் படியை மட்டும் விளக்குகிறேன்.

'பாலக்கரை' என்று சொல்லப் போகிறேன், உதடு பூட்டிக்கொண்டது. பழைய பழக்கத்தில் முட்டி மோதி எப்படியோ சொல்லி முடித்து, அந்த அவமானத்திலிருந்து தப்பிக்க அடுத்த சொல்லுக்கு ஓடிவிடுவேன். வான் ரைப்பர் ஓடாதே என்கிறார். திக்கிய சொல்லை முடி, அங்கேயே நில். மூன்று விநாடியாவது நில். இறுக்கம் எங்கே இருந்தது? மேல் உதட்டிலா, தாடையிலா, தொண்டையிலா? அதைத் தேடிப் பார்த்துத் தளர்த்திக்கொண்டு, அதே சொல்லைத் திரும்பச் சொல்: உதடு பட்டும் படாமலும், மெதுவாக, 'ப'விலிருந்து 'ஆ'வுக்கு வழுக்கிக்கொண்டு. இரண்டாம் தடவை திக்காமல் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இறுக்காமல் திக்கினால் போதும்.

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். செய்து பாருங்கள், அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும். எதிராளி பார்த்துக்கொண்டிருப்பார், நம் காது சூடாகும். அந்தச் சூட்டில் நின்று பழகுவதுதான் பயிற்சியில் பாதி. இது கைவந்த பிறகு, அடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தளர்த்தி வெளியே வரலாம். அதற்கும் பிறகு, வரப் போகிறது என்று தெரிந்த சொல்லுக்கு முன்பே உதட்டைத் தளர்த்தி வைத்துக்கொள்ளலாம். வரிசை முக்கியம், மூன்றாவதை முதலில் செய்ய நினைத்தால் அது இன்னொரு ஒளிப்பாக மாறிவிடும். எனக்கு முதல் படிக்கே எட்டு மாதம் ஆனது.

இதோடு கூட, வேண்டுமென்றே திக்குவது என்று ஒன்று உண்டு. பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வராத சொல்லை விட்டுவிட்டு, நன்றாக வருகிற சொல்லில் நாமாகத் திக்கிக் காட்ட வேண்டும். காந்தி மார்க்கெட்டில் ஒரு பழக்கூடை அம்மாவிடம் இதற்காகவே போனேன். 'வா' எனக்குச் சுலபமாக வரும் எழுத்து. "வா... வா... வா... வாழைப்பழம் எவ்வளவு?" என்று கேட்டேன், முகத்தைத் திருப்பாமல், கண்ணைப் பார்த்து. அந்த அம்மா சீப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "மெதுவாச் சொல்லு சாமி, கடை எங்கயும் ஓடிப் போகாது" என்றார். அப்புறம் விலையைச் சொன்னார். நான் பேரம் பேசினேன். அந்த நாள் வரை திக்கிக்கொண்டு நான் பேரம் பேசியதே இல்லை, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

அதற்குப் பிறகு ஒரு மாசம் கழித்து, 32 வயதில், அதே வழித்தடத்துப் பஸ்ஸில் 'பாலக்கரை' கேட்டேன். நன்றாகத் திக்கியது. முன் இருக்கையில் ஒரு சிறுவன் திரும்பிப் பார்த்தான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "சில்லறையாக் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அத்தனை வருஷம் பயந்தது இதற்குத்தான்.

இனி உங்கள் நேர்முகத் தேர்வு. உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்: "சார், எனக்குத் திக்கும். சில சொற்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பதில் முழுசாக வரும்." மன்னிப்புக் கேட்க வேண்டாம். நீங்கள் சொல்லாவிட்டால் எதிரே இருப்பவர் தானாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார்: பையன் பயப்படுகிறான், பதில் தெரியவில்லை, பொய் சொல்கிறான். திக்கு என்று தெரிந்த ஆள் நிதானமாகக் காத்திருப்பார். அதைவிட முக்கியம், சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை, பாதி இறுக்கம் அங்கேயே போய்விடும். ஆங்கிலத்தில் நடக்கும் என்றால் அந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் தயார் செய்துகொள்ளுங்கள். முதலில் உங்கள் அப்பாவிடம், நண்பனிடம், தெரு முனை டீக்கடைக்காரரிடம் சொல்லிப் பழகுங்கள். நேராகத் தேர்வு அறையில் முதன்முதலாகச் சொல்லாதீர்கள்.

எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். சினிமாவில் திக்குவாய் என்றாலே சிரிப்பு என்று பழகிய ஊர் நம்முடையது. ஒரு இடத்தில் என் முன்னாலேயே என்னைப் போல் பேசிக் காட்டினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வேலை கிடைக்காமல் போனால் நஷ்டம் இருக்கத்தான் செய்யும், பொய்ச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உங்கள் தொழிலில் சைட்டுக்குப் போனால் மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும், லெவல் பார்க்கும்போது ரீடிங்கைக் கத்திச் சொல்ல வேண்டும், ஜல்லி லோடு ஏன் வரவில்லை என்று போனில் சண்டை போட வேண்டும். திக்கிக்கொண்டே அதைச் செய்ய விடுகிற இடம்தான் உங்களுக்குத் தேவை. ஒளித்துக்கொண்டு உள்ளே போனால் அங்கே தினமும் ஒளிக்க வேண்டியிருக்கும்.

'தாண்டி வளர்ந்தவர்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாரும் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜைச் சொல்வார்கள். அவர் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் 1926இல் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவிப்பையொட்டி அவர் வானொலியில் பேசிய பதிவு இன்றும் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். பயிற்சி தொடங்கிப் பதின்மூன்று வருஷம் ஆன பிறகும் இடைவெளிகள் தெரிகின்றன. திக்கு போகவில்லை, மனிதர் பேசிவிட்டார்.

என்னைக் கேட்டால், திக்கு எனக்குப் பெரிய பாடம் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. முதல் பதினைந்து வருஷம் அது எனக்குச் சொல்லிக்கொடுத்தது பொய் பேசத்தான்: பசிக்கவில்லை, பெயர் தெரியாது, தொண்டை கட்டியிருக்கிறது. அதை விட்டதற்கப்புறம் வந்த மாற்றங்கள் சின்னவை. கவுண்டரில் கடன் தவணை கட்ட முடியாமல் ஒருவர் வந்து நின்று வார்த்தையைத் தேடினால், நான் அவர் வாக்கியத்தை முடித்துவைக்க மாட்டேன், காத்திருப்பேன். சிலர் மற்ற கவுண்டரை விட்டு என் வரிசைக்கே வருவதைக் கவனித்திருக்கிறேன். வேண்டாத வேலைக்கு 'முடியாது' என்று திக்கிக்கொண்டே சொல்லத் தெரிந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் நானே வாய் திறந்து 'எனக்குத் திக்கும்' என்றேன், உள்ளேயிருந்து 'காது கேக்குது, பரவால்ல' என்று பதில் வந்தது. அந்தக் குரலோடு இருபது வருஷம் ஓடிவிட்டது.

சறுக்கலும் உண்டு. போன மாதம் மகளின் கல்லூரிக் கூட்டத்தில் மைக்கைக் கொடுத்தார்கள், சொந்தப் பெயரில் பத்துப் பன்னிரண்டு விநாடி நின்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பழைய வெட்கம் கூடவே வந்தது. மறுநாள் ஹோட்டலில் இட்லி சொல்ல வாய் போனதைக் கண்டுபிடித்து, திருத்திப் பொங்கல் கேட்டேன். திக்கு அதிகமாகிற வாரங்கள் உங்களுக்கும் வரும், தூக்கம் கெட்டால், வீட்டில் பிரச்சினை என்றால். அது பழைய இடத்துக்கே போய்விட்டதாக அர்த்தமில்லை.

தனியாகச் செய்ய முடியாவிட்டால் கூட்டம் சேருங்கள். 2008இல் தொடங்கிய 'தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன்' வழியாகப் பல ஊர்களில் சுய உதவிக் குழுக்கள் உருவாயின, இணையத்திலும் கூடுகிறார்கள். முதல்முறை போனபோது எனக்கு மறக்காத காட்சி: பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம், பெயர் சொல்லி முடிக்கவே அரை மணி நேரம் ஆனது, யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இன்றைக்கு ஒரு வேலை தருகிறேன். ஊரில் இருக்கும் சிமென்ட் கடைகளில் ஐந்தின் எண்ணை எடுங்கள். அழைத்து, உங்கள் பெயரைச் சொல்லி, 'மூட்டை என்ன விலை' என்று கேளுங்கள். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது, 'வந்து' போடக் கூடாது. பெயரில் அடைத்துக்கொண்டு நீங்கள் நிற்கும்போது ஒருவராவது போனை வைத்துவிடுவார். திரும்பக் கூப்பிடுங்கள். லைன் கட்டாகிவிட்டது என்றுதான் அவர் நினைத்திருப்பார்.